உறுமலை விட்ட பாடகனும் எங்கள் ரோதைமுனியும்

அந்தக் கேசட் நல்ல கேசட்தான். சொல்லிவிட்டேன். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. சொன்ன அன்று என் சின்ன வயதுக் கூட்டாளி, இலங்கை மலையகத்து ஹட்டனில் என் கடைக்குள்ளேயே, ஃபோன் திருத்த வந்தவர்கள் முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிக்கட்டும், அவனுக்கு அந்த உரிமை உண்டு.

விஷயம் இதுதான். தொண்ணூறுகளில் எங்கோ பனி கொட்டுகிற வெள்ளைக்கார நாட்டில் ஐந்து நீளமுடிக்காரர்கள் ஓர் இசைக்குழு வைத்திருந்தார்கள். அவர்கள் வாசித்தது டெத் மெட்டல். கேட்டிராதவர்களுக்குச் சொல்கிறேன்: ட்ரம்ஸ் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இடைவிடாமல் கொட்டும், கிட்டார்கள் இரைச்சலாக ஓடும், பாடகர் பாடவே மாட்டார். அடிவயிற்றிலிருந்து உறுமுவார். என்ன மொழி, என்ன வார்த்தை என்று அவரைப் பெற்றவளுக்கே தெரிந்திருக்காது. எங்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. அப்படி மூன்று கேசட் உறுமியவர் நான்காவதில் திடீரென்று உறுமலை விட்டுவிட்டு, மனுசக் குரலில் பாடத் தொடங்கினார். வேகம் குறைந்தது, காலால் தாளம் போடலாம் போல ஆகிவிட்டது. அதற்கு ஹார்ட் ராக் என்று பெயர். இதனால் உலகம் முழுக்க அவர்களுடைய ரசிகர்கள் இரண்டாகப் பிளந்து சண்டை போட்டார்கள் என்று பிற்காலத்தில் அறிந்தேன். ஹட்டனைச் சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களில் அந்தக் குழுவுக்கு மொத்தம் இரண்டு ரசிகர்கள். நாங்களும் பிளந்தோம்.

அப்போது நான் ஹட்டன் பஜாரில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் வேலை செய்தேன். பக்கத்துக் கடை ஒரு முஸ்லிம் அண்ணனுடையது, நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவர் தம்பி வளைகுடாவிலிருந்து அனுப்புகிற சீடிகளை நானா கேசட்டில் பதிந்து விற்பார். அந்தப் பெட்டியில் எப்படியோ இந்த நீளமுடிக்காரர்களும் வந்து மாட்டியிருந்தார்கள். எங்களுக்குப் பதிந்து கொடுக்கும்போது நானா காதைப் பொத்திக்கொள்வார்.

"தம்பி, இது பாட்டா? இல்ல ஒங்க கடைக்கு ரிப்பேருக்கு வந்த ரேடியோவா?" என்று கேட்பார். அதையே ஒவ்வொரு தடவையும் கேட்டு, ஒவ்வொரு தடவையும் முதல் தடவை சொன்னது போலச் சிரிப்பார்.

கூட்டாளி எங்கள் தோட்டத்தில் அடுத்த லயத்துக்காரன். தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மெஷினில் வேலை. லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், வீட்டுக்கு வீடு ஒரு சுவர்தான். இந்த வீட்டில் கடுகு வெடித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். அங்கே டெத் மெட்டல் போட முடியுமா? ஒருநாள் போட்டுப் பார்த்தோம். கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா சண்டைக்கு வந்தார். அதனால் கேசட் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு மேலே தண்ணித் தொட்டிக்குப் போய்விடுவோம். அங்கே உட்கார்ந்து கூட்டாளி உறுமப் பழகினான். பொய் சொல்லக்கூடாது, பயல் நன்றாக உறுமினான். நான் கண்ணை மூடிக் கேட்டால் நீளமுடிக்காரன் யார், எங்கள் ரோலர்க்காரன் யார் என்று தெரியாது.

அங்கேதான் வினை வந்தது. ஒருநாள் மத்தியானம் நல்ல பனிமூட்டம். வேலை முடிந்து வந்தவன் தொழிற்சாலைக்குப் பின்னால் நின்று உறுமியிருக்கிறான். அங்கே குரல் நன்றாக எதிரொலிக்கும் என்பது அவன் கண்டுபிடிப்பு. அங்கே வேறொன்றும் இருந்தது, பயல் அதை மறந்துவிட்டான். எங்கள் பக்கத்தில் சக்கரத்துக்கு ரோதை என்று பெயர். தொழிற்சாலைச் சக்கரத்தைக் காவல் காக்கிற சாமி ரோதைமுனி. ஒரு கல், ஒரு சூலம், கொஞ்சம் குங்குமம். இவன் சரியாக அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான்.

கொழுந்து நிறுக்க வந்த பெண்களுக்குப் பனிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. கூடையை அப்படியே போட்டுவிட்டார்கள்.

"ஐயோ, முனி எறங்கிருச்சு! முனி எறங்கிருச்சுடி!"

பூசாரியார் விபூதித் தட்டோடு ஓடிவந்தார். கூட்டத்தைப் பார்த்துக் கூட்டாளிக்குக் கைகால் விறைத்துவிட்டது. இரண்டு கையையும் தூக்கியபடி நின்றான். கிட்டார் வாசிப்பதாக நினைத்துக்கொண்டு தூக்கிய கை அது, இறக்க மறந்துவிட்டான். அந்தக் கோலமும் முனிக்குப் பொருத்தமாகவே இருந்தது. பூசாரியார் நெற்றி நிறைய விபூதி அடித்தார். கூட்டத்திலிருந்து அவன் அம்மா அழுதுகொண்டே வந்து காலில் விழுந்தார்.

"அம்மாவே கால்ல விழுந்துட்டாங்கடா. அதுக்கப்புறம் எப்புடிடா இது பாட்டுன்னு சொல்றது?" என்று அன்று சாயங்காலம் என்னிடம் கேட்டான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் அழுகிற நிலைமையில் இருந்தான்.

அந்த வருஷத் திருவிழாவிலிருந்து அவன்தான் முனி. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எல்லாமே நடிப்பில்லை. தப்பு அடிக்கத் தொடங்கினால் அவன் உடம்பு தானாகத் தூக்கிப் போடும். "ஆடுறது நானில்லடா, சத்தியமா. தொண்ட மட்டுந்தான் என்னோடது," என்பான். அந்தத் தொண்டையில் வந்தது என்ன? நீளமுடிக்காரர்களின் இரண்டாவது கேசட். அவனுக்கு உறுமத் தெரிந்தது அது ஒன்றுதான். வார்த்தை அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பூசாரியாருக்கு மட்டும் தெரிந்தது! முதல் பாட்டில் கோயிலுக்குத் தகரம் மாற்றச் சொன்னார். பல்லவி திரும்பி வந்த இடத்தில், "சேவல் பத்தாதாம், சாமி கெடா கேக்குது," என்றார். கூட்டத்தில் நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் குழுவின் பாட்டு இத்தனை சனத்தின் முன்னால் அரங்கேறிய வேறு ஊர் உலகத்தில் உண்டா?

பூசாரியாரை நான் குறை சொல்ல மாட்டேன். விளங்காததை விளக்கச் சொன்னால் யாரும் தனக்குத் தோன்றியதைத்தான் சொல்வார்கள்.

இரண்டாவது வருஷம் அது விளையாட்டாக இல்லை. மேல் லயத்து அக்கா ஒருவர் தன் மூத்த மகளைக் கூட்டிவந்து குறி கேட்டார். பிள்ளையைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குக் கேட்கிறார்கள், அனுப்பலாமா? கூட்டாளி உறுமினான். "அனுப்பு, நல்லா இருப்பான்னு சாமி சொல்லுது," என்றார் பூசாரியார். அடுத்த கிழமையே பிள்ளை ரயிலேறிவிட்டது. தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை.

"நான் அப்புடிச் சொல்லலடா," என்றான் கூட்டாளி.

"நீ ஒண்ணுமே சொல்லலையேடா. அது பாட்டுதான?"

"அதத்தான்டா சொல்றேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு தண்ணித் தொட்டியில் அவன் உறுமி நான் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் நான்காவது கேசட் வந்தது. நானா காதைப் பொத்தாமல் கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம். போட்டோம். முதல் பாட்டு முடிவதற்குள் எனக்கு முகம் சுருங்கிப்போனது. கூட்டாளிக்கு மலர்ந்துபோனது.

"மச்சான், அவன் பேசுறது வெளங்குதுடா!"

"வெளங்குறதுக்கா கேக்குறோம்? இது பாட்டாடா? கல்யாண வீட்டு பேண்டு மாதிரி இருக்கு."

"ஒரு மனுசன் எத்தன காலத்துக்குடா உறுமிக்கிட்டே இருப்பான்?"

"சாகுற வரைக்கும்!" என்றேன். "இது துரோகம். இத நல்லாருக்குன்னு சொல்றவனும் துரோகி."

இருபது வயதில் துரோகம் என்கிற வார்த்தை வாயில் சும்மா வந்துகொண்டே இருக்கும். அவனோடு பேச்சை நிறுத்தினேன். கேசட் ரேடியோ என்னுடையது, கேசட் அவனுடையது. ஆகவே கொஞ்சக் காலம் இரண்டு பேருமே ஒன்றையும் கேட்கவில்லை.

பின்னாளில் திரும்பிக் கேட்டதில் எனக்கு என்ன தெரிந்தது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரங்களில் ஒரு வாடிக்கையாளர் என் கடைக்கு எம்பித்ரீ டிஸ்க் ஒன்று கொண்டுவந்தார், அதில் இந்த நான்காவது கேசட்டும் இருந்தது. திட்டுவதற்காகத்தான் போட்டேன். கிட்டார் மெட்டு முந்தியும் இதேதான், இரைச்சலுக்கு அடியில் இருந்திருக்கிறது. பாடகருக்குக் குரல் சுமார்தான். மேல் சுரத்துக்குப் போகும்போது பிசகுகிறது, மூச்சு வாங்குவது கேட்கிறது. உறுமுகிறவன் பிழை விட்டால் யாருக்கும் தெரியாது. பாடுகிறவன் விடுகிற பிழை எல்லோருக்கும் தெரியும். அது தெரிந்தேதான் அந்த மனுசன் வாயைத் திறந்திருக்கிறார். ஆறாவது பாட்டு இன்றைக்கும் குப்பைதான், அதில் நான் இறங்கிவரத் தயாரில்லை.

கதைக்கு வருவோம். நாங்கள் பேசாமலிருந்த அந்த மாதங்களில்தான் எங்கள் வீட்டுக்குத் தரகர் வந்தார். என் தங்கச்சி அப்போது பத்தாம் வகுப்பு. மேல் லயத்துப் பிள்ளையை அனுப்பிய அதே தரகர், அதே பேச்சு. "பெரிய எடம்ங்க. மூணு நேரமும் சாப்பாடு, நல்ல உடுப்பு, வீட்டுல டீவி இருக்குங்க." அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர், கெட்டவர் இல்லை, டீவி என்றதும் கொஞ்சம் மயங்கிவிட்டார். தங்கச்சி படிக்க வேண்டும் என்று அழுதாள். அம்மா வாயைத் திறக்கவில்லை. நான் பாய்ந்தேன்.

"நீ பேசாத," என்றார் அப்பா. "பேய்ப்பாட்டு கேக்குறவன் பேச்சையெல்லாம் கேட்டு குடும்பம் நடத்தச் சொல்றியா?"

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். திருவிழாவில் முனியிடம் கேட்போம், சாமி வேண்டாமென்றால் வேண்டாம். இதை லயம் முழுக்கச் சொல்லியும் விட்டார். சாமி என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது கேசட்டின் ஏதாவது ஒரு பாட்டைச் சொல்லும். அதற்குப் பூசாரியார் என்ன சொல்வார் என்பதும் தெரியும், போன வருஷம்தான் கேட்டோமே.

"போய் அந்த அண்ணன்கிட்ட சொல்லு," என்றாள் தங்கச்சி.

"அவன்கூட நான் பேசுறதில்ல."

"என்னாத்துக்கு?"

சொன்னேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "யாரோ ஒரு வெள்ளக்காரன் தொண்டைய மாத்திக்கிட்டானாம், அதுக்கு இவரு பேச மாட்டாராம். நீயெல்லாம் ஒரு அண்ணன்!" என்று சொல்லிவிட்டு அவளே கிளம்பிப் போனாள். இன்று அவள் நானுஓயாப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். அந்தப் பார்வை அப்படியேதான் இருக்கிறது, இப்போது பிள்ளைகள் அனுபவிக்கிறார்கள்.

அவனிடம் அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவன் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை என்பது மட்டும் வீட்டுக்கு வந்த அவள் முகத்திலேயே தெரிந்தது.

திருவிழா அன்று உச்சி வெயில். கரகம் மேலே வந்து சேர்ந்தது. தப்பு அடிக்க அடிக்கக் கூட்டாளிக்கு உடம்பு தூக்கிப் போட்டது. மஞ்சள் வேட்டி, கையில் வேப்பிலை, கண் எங்கோ இருந்தது. குறி கேட்கிற நேரம் தப்பு நின்றது. அப்பா தங்கச்சியின் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் கூட்டிப்போனார். தரகர் ஒரு ஓரமாக நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சாமி, இந்தப் புள்ளைய கொழும்புக்கு அனுப்பலாமா? ஒரு வார்த்த சொல்லுங்க சாமி."

கூட்டாளி வாயைத் திறந்தான். எந்தப் பாட்டு வரப்போகிறது என்று கூட நான் ஊகித்துவிட்டேன். தொண்டை நரம்பு புடைத்தது. பிறகு அடங்கிவிட்டது.

"அனுப்பாத," என்றான்.

உறுமல் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் சொந்தக் குரல். கடையில் சீனி கேட்கிற குரல். அதுவும் பாதியில் உடைந்து கீச்சென்று போனது.

"புள்ள படிக்கட்டும். அனுப்பாதீங்க."

தெளிவான தமிழ், அத்தனை பேர் காதிலும் விழுந்தது. ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே! மொத்தச் சனமும் திரும்பி, இதற்கு என்ன அர்த்தம் என்று பூசாரியாரின் முகத்தைப் பார்த்தது. அவரும் பழக்கப்படி கண்ணை மூடிக் கையைத் தூக்கினார்.

"சாமி என்னா சொல்லுதுன்னா..."

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. அந்த இடைவெளியில் எல்லாம் கைநழுவிப் போய்விடும் போலிருந்தது.

"பூசாரியாரே," என்றாள் தங்கச்சி. "எங்களுக்கு வெளங்கிருச்சுங்க."

"ஆமா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எங்கள் அம்மா. அந்த விஷயத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை அது. "எனக்கும் வெளங்கிருச்சு."

அப்பா சாமியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிடித்திருந்த கையை விட்டார். தட்டிலிருந்து விபூதியை எடுத்துத் தங்கச்சிக்குப் பூசிவிட்டு, "திங்கக்கெழம பள்ளிக்கூடம் இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெயிலில் கண் கூசுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். தரகர் பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

சாயங்காலம் கூட்டாளியைத் தேடிப் போனேன். சாமி மலையேறி, வெறும் ஆளாகச் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தான். நன்றி சொல்வதற்குப் பதிலாக, "ஏன்டா கொரல் அப்புடி கீச்சுன்னு போச்சு?" என்று கேட்டேன்.

"அது என் கொரல்டா. வேற எது வரும்?" என்றான். "பயமா இருந்துச்சு மச்சான். இனிமே என்னைய யாரும் சாமின்னு நம்ப மாட்டாங்க. அம்மாவ நெனச்சாத்தான்..." நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தட்டிலிருந்த கறித்துண்டை எடுத்துத் தின்றேன். எங்களுக்குள் சமாதானம் என்றால் அப்படித்தான்.

அவன் பயந்தது நடந்தது. தோட்டம் இரண்டாகப் பிளந்தது. பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது, ஒரு கட்சி சொன்னது: "முனின்னா உறுமணும்யா. இது என்னா, கூப்பன் கடை மனேஜர் மாதிரி பேசுது!" மற்றக் கட்சி சொன்னது: "இப்பதான் சாமி நம்மள மதிச்சு பேசுது." முதல் கட்சி பேசியதெல்லாம் தண்ணித் தொட்டியில் நான் பேசிய பேச்சு. பழைய முனி மாதிரி வராது, சாமி சனத்துக்குப் பணிந்துவிட்டது, இனி யார் பயப்படுவார்கள்? கேட்கக் கேட்க எனக்குக் காது கூசியது.

உறுமல் கட்சிதான் ஜெயித்தது. அடுத்த வருஷம் கோயில் கமிட்டி கூட்டாளியைக் கூப்பிடவில்லை. லொறியில் கிளீனராக வேலை பார்த்த ஒரு திடகாத்திரமான ஆளுக்கு முனி வந்தது. கூட்டாளியின் அம்மா அன்றைக்குக் கோயில் பக்கமே வரவில்லை. அவனும் நானும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். நிபுணன் என்கிற முறையில் சொல்கிறேன், கிளீனரின் உறுமல் முதல் தரம். சிறு பிள்ளைகள் ஓடி ஒளிந்தன. முதல் கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

அப்போதுதான் மேல் லயத்து அக்கா முன்னால் வந்தார். மூத்த மகள் இன்னமும் கொழும்பில்தான். இந்தத் தடவை கையைப் பிடித்துக் கூட்டிவந்தது இரண்டாவது மகளை. அதே கேள்வி. தரகரும் வந்திருந்தார். கிளீனர் நிலம் அதிர ஓர் உறுமல் உறுமினார். பூசாரியார் கண்ணை மூடிக் கையைத் தூக்கினார். கூட்டாளி என் தோளைப் பிடித்து நசுக்கிவிட்டான்.

"பூசாரியாரே, நீங்க கொஞ்சம் இருங்க," என்றார் அக்கா. பிறகு முனியின் முகத்துக்கு நேராக நிமிர்ந்து நின்றார். "சாமி, எனக்கு வெளங்கல. போன வருஷம் மாதிரி தெளிவா சொல்லுங்க."

"ஆமா சாமி, வெளங்கல," என்றாள் பின்னாலிருந்து இன்னொருத்தி. அவளுக்கும் ஒரு மகள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சொல்லத் தொடங்கினார்கள். உறுமல் கட்சிக்காரர்கள் பக்கத்தில் நின்ற தங்கள் பெண்டாட்டிகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அக்கா நகரவில்லை, பிள்ளையின் கையை விடவுமில்லை.

முனி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டது.